ஒழுங்கைக்குள் ஒரு காதல்: பிரிந்தவர் மீண்டும் சேரும் நாவலை ஒரு நாயோடு எழுதும் முறை

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பிரிந்த இருவர் ஒரு சின்ன ஊரில் மறுபடி சந்திக்கிறார்கள், இடையில் ஒரு நாய். இந்த வகை நாவலை எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் காதலை முதலில் யோசிக்கிறார்கள், பிறகு ஊரைச் சேர்க்கிறார்கள், கடைசியில் அழகுக்காக நாயை உள்ளே விடுகிறார்கள். இந்த வரிசையில் போனால் நாற்பதாவது பக்கத்தில் கதை நின்றுவிடும். எங்கள் ஆட்களுக்குள், ஒருகாலத்தில் ஊர்வாயில் விழுந்த ஆணும் பெண்ணும் காரணமில்லாமல் நின்று கதைக்க முடியாது. காலையில் கதைத்தால் பின்னேரம் மூன்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் நாள்தோறும் சந்திக்க ஊர் ஒத்துக்கொள்ளும் ஒரு காரணம் வேண்டும். தங்கள் மனதுக்குள்ளும் அவர்கள் அதையே சாட்டாகச் சொல்லிக்கொள்ள முடியவேண்டும். நாயின் வேலை அந்தக் காரணமாக இருப்பதுதான். ஆகவே ஊர், பிரிவு, நாய், நாட்கணக்கு என்ற ஒழுங்கில் திட்டமிடுங்கள். காதல் இந்த நான்குக்கும் நடுவில் தானாக வரும்.

கீழே ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறோம். இடம் கொழும்பு 6, வெள்ளவத்தை. உங்கள் கதை கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ நடந்தாலும் முறை மாறாது.

ஊர்: ஒரு ஒழுங்கை போதும்

சின்ன ஊர் என்றதும் பருத்தித்துறைக்கோ பண்டாரவளைக்கோ ஓடவேண்டியதில்லை. கொழும்பில் வளர்ந்தவர் அங்கே போய் எழுதினால் பனையும் பனியும் வரும், அயலவர் வரமாட்டார்கள். சின்ன ஊர் என்பதற்கு இந்த வகைக் கதையில் மூன்று நிபந்தனைகள்தான்: எல்லோருக்கும் எல்லோரையும் தெரியவேண்டும், பழைய கதை மறக்கப்படாமல் இருக்கவேண்டும், ஒருவரை ஒருவர் தவிர்க்க வழி இருக்கக்கூடாது. காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒரு வெள்ளவத்தை ஒழுங்கையில் மூன்றும் உண்டு. வடக்கில் ஒரே கிராமத்தில் இருந்தவர்கள் இங்கே ஒரே தொடர்மாடியில் மேலும் கீழுமாக இருக்கிறார்கள். லிஃப்டில் சந்திக்காமல் ஒரு நாள் போகாது.

ஒரு ஏ4 தாளை எடுத்து வரைபடம் போடுங்கள். ஆறு இடங்கள் போதும்: காலி வீதி மூலையில் பார்மசி, அதற்கு இரண்டு கடை தள்ளிப் பலசரக்குக் கடை, ஒழுங்கை நடுவில் ஐந்து மாடித் தொடர்மாடி, அதன் கேற்றடியில் வாச்சரின் கதிரை, எதிரே இடிக்கப்படாமல் மிஞ்சியிருக்கும் ஒரு பழைய தனிவீடு, முடிவில் மரைன் டிரைவ். மரைன் டிரைவைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கப்பால் பாறையும் கடலும். இந்த வரிசை மாறக்கூடாது. தண்டவாளம் வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருப்பதால்தான் பின்னால் வரும் தேடல் காட்சியில் ஆபத்து இருக்கிறது. ஒழுங்கையின் நீளத்தை முந்நூறு மீற்றர் என்று வைத்துக்கொண்டால் நடக்க நான்கு நிமிடம், காய்ச்சல் பிடித்த நாயோடு நடக்கப் பத்து நிமிடம். பத்து நிமிடத்துக்குள் எவ்வளவு கதைக்கலாம் என்பதை வைத்தே உரையாடலின் நீளத்தை முடிவுசெய்யுங்கள்.

வரைபடத்தில் அடுத்ததாக ஜன்னல்களைக் குறியுங்கள். எந்த பல்கனியில் இருந்து கேற்று தெரியும், எந்தக் குசினியில் இருந்து பார்மசி வாசல் தெரியும் என்று. ஊர் பார்க்கிறது என்று பொதுவாக எழுதுவது பலவீனமான எழுத்து. இரண்டாம் மாடி மாமி காலை ஆறரைக்குத் துளசிக்குத் தண்ணீர் விடும்போது பார்க்கிறா என்றால் வாசகருக்கும் மாமியின் கண் முதுகில் படும்.

துணைப்பாத்திரம் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் பழைய கதையில் எவ்வளவு தெரியும் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய அம்மாவுக்கு முடிவு மட்டும் தெரியும், காரணம் தெரியாது. அவனுடைய தங்கைக்குத் தமையன் குடும்பத்துக்காக எதையோ விட்டான் என்று தெரியும், எதை என்று தெரியாது. மாமிக்கு நடந்ததைவிடக் கூடத் தெரியும். வாச்சருக்குத்தான் ஒரு முக்கியமான பின்னேரம் தெரியும். அது பின்னால்.

கொழும்பு என்பதால் சிங்களம் பேசுகிறவர்களும் முஸ்லிம் அயலவர்களும் இல்லாத ஒழுங்கை பொய்யாகத் தெரியும். வாச்சர் சிங்களவர் என்றால் அவரை நல்ல மனிதர் என்ற ஒரே குணத்தோடு விட்டுவிடாதீர்கள். அவருக்குச் சம்பளப் பிரச்சினை இருக்கட்டும், நாய் மீது சொந்தமான பாசமும் இருக்கட்டும். ஒழுங்கை நாய்க்கு வீட்டுக்கு ஒரு பெயர் இருப்பது வழக்கம். மாமிக்கு அது கறுவல், கடைப் பொடியனுக்கு ஜிம்மி, வாச்சருக்குக் கலு. கதாநாயகியும் கதாநாயகனும் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதையும், எந்த அத்தியாயத்தில் இருவரும் ஒரே பெயருக்கு வருகிறார்கள் என்பதையும் இப்போதே குறித்து வையுங்கள்.

பிரிவு: மன்னிக்க ஏதாவது இருக்கவேண்டும்

இரண்டாம் தடவை சேரும் கதைகள் உடைவது அநேகமாக இந்த இடத்தில்தான். பிரிவுக்குச் சொல்லும் காரணத்தை ஒரு கேள்வியால் சோதியுங்கள்: இருவரும் ஒரு தொலைபேசி அழைப்பில் பேசியிருந்தால் தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்கும் என்றால் அந்தக் காரணம் போதாது. யாரோ ஒளித்த கடிதம், தூரத்தில் பார்த்துத் தப்பாக விளங்கிய காட்சி, பொறாமைக்காரி சொன்ன பொய் எல்லாம் இந்தச் சோதனையில் விழும். பன்னிரண்டு வருடம் பிரிந்திருந்ததற்கு ஒரு கடிதம் காரணமென்றால், உண்மை தெரிந்ததும் கதை முடிந்துவிடும். மிச்சப் பக்கங்களில் செய்ய எதுவும் இருக்காது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. எங்கள் வரலாற்றில் பிரிவுக்குப் பஞ்சமில்லை. 1983 ஜூலைக் கலவரம், 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வு, 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை மூடப்பட்டது என்று எதை எடுத்தாலும் இரண்டு பேரைப் பிரிக்கும் பலம் அதற்கு இருக்கிறது. ஆனால் பிரிவு முழுவதையும் வரலாற்றின் தலையில் போட்டால் இருவரும் குற்றமற்றவர்கள் ஆகிவிடுவார்கள். மன்னிக்க எதுவும் இராது, சந்தித்த அன்றே சேர்ந்துவிடலாம். வரலாற்றுக்குள் ஒரு சொந்தத் தேர்வை வையுங்கள். பாதை மூடியது அவனால் அல்ல. பாதை திறந்த பிறகும் அவன் போகாதது அவனால்.

நாங்கள் எடுத்த உதாரணத்தில் இருபக்கமும் பிழை இருக்கிறது. அவள் வீட்டில் லண்டன் மாப்பிள்ளை பேசுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பாவிடம் வந்து கேட்கும்படி அவனிடம் சொல்கிறாள். அவனுக்குக் கலியாணமாகாத தங்கைகள் இருவர், சீதனம் இன்னும் சேரவில்லை. கேற்றுவரை வருகிறான். திரும்பிப் போகிறான். அது அவன் பிழை. அவள் காத்திருந்துவிட்டு அந்தக் கிழமைக்குள்ளேயே கலியாணத்துக்கு ஓமென்று சொல்கிறாள். செய்தியைத் தானே சொல்லாமல் சிநேகிதி மூலம் அனுப்புகிறாள். அது அவள் பிழை. கேற்றுவரை வந்தது அவளுக்குத் தெரியாது. பார்த்தவர் வாச்சர் மட்டும்.

இங்கே ஒரு இழுப்பு வரும்: வாச்சரே ஒரு நாள் அவளிடம் உண்மையைச் சொல்லட்டும் என்று. சொல்ல விடாதீர்கள். வாச்சர் சொன்னால் அவளுக்கு ஒரு தகவல் கிடைக்கும், அவ்வளவுதான். அவனே வாய்திறந்து, கேற்றடிவரை வந்துவிட்டுப் பயந்து திரும்பினேன் என்று சொன்னால்தான் அது மன்னிப்புக் கேட்பது ஆகும். வாச்சருக்குத் தெரியும் என்பது அவனை உள்ளுக்குள் அரிக்கவேண்டும். கேற்றடியில் நாயைக் குனிந்து பிடிக்கும் ஒவ்வொரு காலையிலும் அந்தக் கதிரையில் சாட்சி இருக்கிறது.

சாதியைக் காரணமாக எடுப்பதென்றால் துணிந்து வெளிப்படையாக எழுதுங்கள். பூடகமாகத் தொட்டுவிட்டு, கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரியவர் மனம் மாறிக் கைகூப்புவதாக முடிப்பதைவிட வேறு காரணம் எடுப்பது நேர்மை.

அவள் இப்போது விவாகரத்தானவள். கணவனை அடிகாரனாகவும் குடிகாரனாகவும் ஆக்கினால் அவளுக்கு வாசகரின் அனுமதி சுலபமாகக் கிடைக்கும், கதையின் எடை குறையும். ஒத்துவரவில்லை என்பதும் காரணம்தான். அம்மா குளியலறையில் விழுந்து கை முறிந்ததால் பார்க்க வருகிறாள், பிளாட்டை விற்பதா என்ற கேள்வியும் கூட வருகிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டு. சுற்றுலா விசா 30 நாள்.

நாய்: கட்டாக்காலியே சிறந்தது

யாராவது ஒருவருடைய செல்லப்பிராணி என்றால் மற்றவருக்கு அதில் உரிமையில்லை. ஒழுங்கையின் கட்டாக்காலி நாய் எல்லோருக்கும் சொந்தம், ஒருவருக்கும் பொறுப்பில்லை. அந்தப் பொறுப்பு மெல்ல இரண்டு பேர் தலையில் வந்து விழுவதுதான் கதை.

வயதைக் கணக்குப் பார்த்து வையுங்கள். பிரிவுக்குப் பிறகு பிறந்த நாய் நல்லது, நான்கு வயது என்று வைக்கலாம். ஒழுங்கையில் எல்லோரும் அவர்களைப் பழைய கண்ணால் பார்க்கையில், நாய்க்கு மட்டும் பழைய கதை தெரியாது. இன்றைக்கு யார் கையில் மீன் இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். காதலித்த காலத்தில் சேர்ந்து வளர்த்த குட்டியே கிழடாகி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் பிரிவை ஆறேழு வருடமாகக் குறையுங்கள். தெருவில் வாழும் நாய் பன்னிரண்டு வருடம் கழித்து ஓடி வந்து வாலாட்டுவதாக எழுதினால் நாய் வளர்த்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்தது நாய்க்கு என்ன நேர்கிறது என்பது. எழுத்தாளர்கள் வழக்கமாக வாகன விபத்தை எடுப்பார்கள். கால் முறிந்த நாய் ஆறு முதல் எட்டுக் கிழமை ஒரே இடத்தில் கிடக்கும், ஒழுங்கையில் நடக்காது, காட்சிகள் எல்லாம் ஒரு மூலைக்குள் அடைபடும். குட்டிகளுக்கு வரும் பார்வோ என்ற வைரஸ் நோய் ஒரு கிழமைக்குள் வாழ்வா சாவா என்று முடிந்துவிடும். இந்தக் கதைக்கு மிகப் பொருத்தமானது உண்ணிக் காய்ச்சல்.

காரணம் இதன் போக்கு. பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமியால் வருவது. நாய் சாப்பாட்டை விடும், சுருண்டு கிடக்கும், பல்முரசு வெளிறும், அடிவயிற்றில் ஊசிமுனை போலச் சிவப்புப் புள்ளிகள் தெரியும், சிலதுக்கு மூக்கால் இரத்தம் வரும். இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் விழுந்திருக்கும். டெங்குக் காலங்களைக் கடந்த கொழும்பு வாசகருக்குப் பிளேட்லெட் என்ற சொல்லே வயிற்றைப் பிசையும், விளக்கம் தேவையில்லை. மருந்து டொக்சிசைக்கிளின், வழக்கமான காலம் 28 நாள். கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை என்று மிருக வைத்தியர் எழுதினால், 20 கிலோ நாய்க்கு 100 மில்லிகிராம் கப்சியூல் காலையும் மாலையும் ஒவ்வொன்று. மொத்தம் 56 கப்சியூல். இது கதைக்கான கணக்கு. உங்கள் வீட்டு நாய்க்கு அளவு சொல்ல வேண்டியவர் அதைச் சோதித்த வைத்தியர்.

ஐம்பத்தாறு தடவை அவர்கள் சந்திக்கக் காரணம் இருக்கிறது. இன்னும் நல்லது என்னவென்றால், மருந்து பிடித்தால் ஓரிரு நாளிலேயே காய்ச்சல் இறங்கி நாய் எழும்பி ஓடத் தொடங்கும். ஆனால் நிறுத்தக்கூடாது, 28 நாளும் கொடுக்கவேண்டும். நாலாம் நாள் நாய் துள்ளிக்கொண்டு நிற்கும்போது, இனி வராமல் விடலாம் என்று இருவருக்கும் தோன்றும், இருவரும் வருவார்கள். முழு நாவலின் நாரும் இந்த இடத்தில் இருக்கிறது. விபத்தில் இது கிடைக்காது.

மருந்து கொடுக்கும் விதத்தையும் சரியாக எழுதுங்கள். வெறுவயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். காய்ந்த கப்சியூல் தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாகும், ஆகவே பின்னால் உணவோ தண்ணீரோ போகவேண்டும். பாலிலோ தயிரிலோ வைத்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சோற்றுருண்டைக்குள் மீன் துண்டு, மீனுக்குள் கப்சியூல், அதுதான் வழி. முதல் கிழமையில் நாய் நம்பாது, ஒருவர் தலையைப் பிடிக்க மற்றவர் வாயைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாம் கிழமையில் மீனுக்குப் பழகிவிடும், ஒருவர் போதும். இரண்டாவது ஆள் தொடர்ந்து வருவதைப் பற்றி மாமி என்ன சொல்லுவா என்பதை எழுதிப் பாருங்கள்.

உண்ணியே எதிர்ப்பையும் கொண்டுவரும். பழுப்பு உண்ணி சுவரில் ஏறும், படிக்கட்டு வெடிப்புகளில் ஒளியும். நாயைத் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் படுக்கவிட்டால், நிர்வாகக் குழு கடிதம் ஒட்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பயப்படுவது நியாயம். அவர்களைக் கொடியவர்களாக ஆக்காதீர்கள். விசர்நோய்ப் பயமும் உண்மையானது. யாரையாவது நாய் கடித்தால் காயத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி ஆசுபத்திரிக்குப் போகவேண்டும், நாயை 10 முதல் 14 நாள் கவனித்து வைக்கச் சொல்வார்கள். கடியை ஒரு நகைச்சுவைக் காட்சியாக எழுதி, மஞ்சள் வைத்துக் கட்டியதாக முடித்தால் வாசகர் அதை நம்பிச் செய்யும் ஆபத்து இருக்கிறது.

நாட்கணக்கு

இப்போது இரண்டு கடிகாரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். அவள் மார்ச் 24 வந்து இறங்குகிறாள். விசா 30 நாள், ஏப்ரல் 22 கடைசி. நாய் சுருண்டு கிடப்பதைக் கண்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோவது மார்ச் 27 காலை, முதல் கப்சியூலும் அன்றே. 28ஆம் நாள் ஏப்ரல் 23. அவள் போகவேண்டிய நாளுக்கு அப்பால் இரண்டு கப்சியூல் மிஞ்சுகின்றன. பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விசாவை நீடிக்கலாம். நீடித்தால் அது ஒரு வாக்குமூலம், நாய்க்காக என்று அவள் சொன்னாலும். இந்த இரண்டு கப்சியூலை வைத்துக் கடைசிக் கால்வாசியை எழுதலாம்.

இடையில் ஏப்ரல் 13, 14 வருகிறது. மருந்தின் 18, 19ஆம் நாள். கொழும்பு காலியாகும், கடைகள் பூட்டும், மிருக வைத்தியசாலைகளும் அநேகம் திறந்திரா. சுபநேரத்துக்கு நாலு பக்கமும் வெடி வெடிக்கும். மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடியோடு மழையும் வரும். நாய் காணாமல் போவதற்கு வேறு சூழ்ச்சி தேவையில்லை. வெடிக்குப் பயந்த நாய் சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நேராக ஓடும், கூப்பிட்டால் வராது, இருட்டில் ஒடுங்கி இருக்கும். ஒழுங்கையில் வெடி காலி வீதிப் பக்கம் என்றால் நாய் மரைன் டிரைவைக் கடந்து தண்டவாளத்துக்குத்தான் போகும்.

தேடல் காட்சியில் இருவரையும் முதலில் பிரித்து அனுப்புங்கள். அவன் வெள்ளவத்தை ஸ்டேஷன் பக்கம், அவள் பம்பலப்பிட்டிப் பக்கம். ஒழுங்கையே தேடட்டும்: கடைப் பொடியன், வாச்சர், கடிதம் ஒட்டிய நிர்வாகக் குழுத் தலைவரும்கூட. நாயை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைவிடத் தேடும்போது யார் எந்தப் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்பது முக்கியம். ரயில் வரும் வெளிச்சத்தில் கடைசி நொடி மீட்பு வேண்டாம். பாறை இடுக்கில் நனைந்து நடுங்கும் நாயின் பக்கத்தில் இருந்துகொண்டு, அது தானாக எழும்பும்வரை அரை மணித்தியாலம் காத்திருக்கும் காட்சி அதைவிடப் பலமானது. பயந்த நாயை இழுத்தால் கடிக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும்போதுதான் அவன் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்கிறான்.

புத்தாண்டைச் சும்மா வெடிக்காக மட்டும் எடுக்காதீர்கள். காலையில் மருத்துநீர், பிறகு கைவிசேஷம். அவளுடைய அம்மாவின் கையால் கைவிசேஷம் வாங்க அவன் வீட்டுக்குள் வருவது, பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஏறாத படியை ஏறுவது. முறிந்த கையில் கட்டோடு இருக்கும் அம்மா மற்றக் கையால் வெற்றிலையில் காசை வைத்துக் கொடுப்பா. ஒரு வரிகூட விளக்க வேண்டியதில்லை.

அத்தியாயப் பங்கீடு

40 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1300 சொல் அளவு, மொத்தம் 52,000. கைத்தொலைபேசியில் தொடராக வாசிப்பவருக்கு இந்த நீளம் ஒரே மூச்சில் முடியும்.

முதல் நான்கில் வருகை, பார்மசியில் முதல் சந்திப்பு, நாய் படுத்திருப்பது. பார்மசி அவனுடைய தகப்பனின் கடை, இப்போது அவன் பார்க்கிறான். அம்மாவின் மருந்துத் துண்டோடு அவள் போயே ஆகவேண்டும். 5 முதல் 12 வரை முதல் ஐந்து நாள் மட்டும்: இங்கே மெதுவாகப் போங்கள், வாசகர் விரும்பி வருவது இந்தப் பகுதிக்குத்தான். அவளுடைய பிழையை 10ஆம் அத்தியாயத்தில் அவள் வாயாலேயே வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். 13 முதல் 20 வரை இரண்டு கிழமை ஓடலாம். 21 முதல் 26 வரை புத்தாண்டும் தேடலும், அவனுடைய பிழை 26இல். 27 முதல் 34 வரை கோபம். இந்தப் பகுதியைத் தாவாதீர்கள். கேற்றுவரை வந்தவன் உள்ளே வரவில்லை என்று தெரிந்தால், வரவே இல்லை என்று நினைத்திருந்ததைவிட அதிகமாக வலிக்கும். அவள் ஒரு நாள் மாலை மருந்துக்கு வராமல் விடட்டும், அவன் தனியே கொடுக்கட்டும், மாமி கவனிக்கட்டும். கடைசி ஆறும் முடிவு.

பார்வைக் கோணம் அத்தியாயத்துக்கு ஒருவராக மாறி வரலாம். நாயின் பார்வையில் எழுதாதீர்கள். நாய் மனிதத் தமிழில் யோசிக்கத் தொடங்கிய நொடியில், பழைய கதை தெரியாத ஒரே உயிர் என்ற அதன் பலம் போய்விடும்.

பேச்சு

காதலித்த காலத்தில் நீ என்றவர்கள் இப்போது நீங்கள் என்பார்கள். திரும்ப நீ என்று வருவது இந்த நாவலில் முத்தத்துக்குச் சமம். அது ஒரே ஒரு தடவை, தவறுதலாக, நாயைப் பற்றிய பேச்சில் வாயில் வந்துவிடட்டும். முதல் சந்திப்பு இப்படி இருக்கலாம்:

"எப்ப வந்தனீங்கள்?"

"முந்தாநாள். அம்மான்ர மருந்துத் துண்டு."

"இதில ஒண்டு இப்ப இல்லை. பின்னேரம் எடுத்து வைக்கிறன்."

"ஓம். ஆரையாவது அனுப்புறன்."

இதற்கு மேல் வேண்டாம். ஆரையாவது என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது. மாமியின் விசாரணை வேறு வகை:

"பிள்ளை, காலமை கேற்றடியில நிண்டது பார்மசிக்காரத் தம்பியே?"

"நாய்க்கு மருந்து குடுக்க வந்தவர் மாமி."

"நாய்க்கோ?"

பேச்சு வழக்கை உரையாடலில் மட்டும் வையுங்கள், விவரிப்பைப் பொதுத்தமிழில் எழுதுங்கள். எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே யாழ்ப்பாண வழக்கைக் கொடுக்காதீர்கள். கொழும்பிலேயே பிறந்த கடைப் பொடியன் வேறு மாதிரிப் பேசுவான், மலையகத்திலிருந்து வந்து வீட்டுவேலை செய்பவர் "வாங்க, போங்க" என்பார். உங்களுக்குக் காதால் கேட்டுப் பழகாத வழக்கை எழுத்தில் நடிக்கவேண்டாம். அந்தப் பாத்திரத்தைக் குறைவாகப் பேசவிடுங்கள்.

முடிவு

நாய் சாகக்கூடாது. இந்த வகையை வாசிப்பவர் சேர்வதை நம்பி வருகிறார். நாயைக் கொன்று வாங்கும் கண்ணீர் காதலுக்கு வந்தது ஆகாது.

அவளை எங்கே வாழவைப்பது என்பது உண்மையான சிக்கல். அவள் லண்டன் வேலையை ஒரு இரவில் விட்டுவிட்டுக் கொழும்பில் நிற்பதாக முடித்தால் படித்த பெண் வாசகர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவன் பார்மசியைப் பூட்டிவிட்டு விமானம் ஏறுவதும் அப்படியே. நாய் இங்கேயும் உதவும். இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்கு நாயைக் கொண்டுபோக முதலில் மைக்ரோசிப், பிறகு விசர்நோய்த் தடுப்பூசி, ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுத்துச் சோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. நோயில் கிடந்த நாய்க்கு மருந்து முடியும்வரை ஊசியைத் தள்ளிப்போடுவது வழக்கம். ஏப்ரல் 25 ஊசி என்றால் மே 25 இரத்தம், ஓகஸ்ட் 25க்கு முன் அது பறக்க முடியாது. நான்கு மாதம். அவள் கொண்டுபோகக் கேட்பதும், அவன் சரி என்று பத்திரங்களைத் தொடங்குவதும், நாய் ஒழுங்கையைவிட்டுப் போகுமா என்று யாரும் உறுதியாகச் சொல்லாததும் நேர்மையான முடிவுக்கு இடம் தரும். அவர்கள் சேர்வது உறுதியாகத் தெரியவேண்டும். எந்த ஊரில் என்பது நான்கு மாதத்துக்குப் பிறகு முடிவாகட்டும்.

திருத்தம், வெளியீடு

முதல் வரைவு முடிந்ததும் மூன்று தடவை தனித்தனியாக வாசியுங்கள். முதலில் நாட்காட்டியோடு: எத்தனையாவது கப்சியூல், என்ன கிழமை, கடை திறந்திருக்குமா. இரண்டாவது நாயை மட்டும் பின்தொடர்ந்து: தொடர்ந்து மூன்று அத்தியாயத்தில் அது காணப்படாவிட்டால் அந்த இடத்தில் சந்திப்புக்குக் காரணமும் இல்லாமல் போயிருக்கும். மூன்றாவது உரையாடலை வாய்விட்டு. வெட்ட வேண்டியவை பெரும்பாலும் பழைய நினைவுகள்தான். ஒரு அத்தியாயத்தில் அரைப் பக்கத்துக்கு மேல் பழையது வந்தால் நிகழ்காலம் நின்றுபோகும். நாய் வளர்ப்பவர் ஒருவருக்கும், இந்த ஒழுங்கைகளில் வளர்ந்த ஒருவருக்கும் வரைவைக் கொடுங்கள். இலக்கிய நண்பர் பிறகு.

அச்சில் போடுவதென்றால் சர்வதேச நூல் எண்ணைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகத்தில் பெறலாம். இலங்கை நூல்களின் எண் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். வெளியீட்டுக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க மண்டபம் இருக்கிறது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு நூல் கையில் இருக்கவேண்டுமென்றால் ஜூன் முடிவுக்குள் மெய்ப்புத் திருத்தத்தை முடித்து அச்சகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அட்டையில் வெளிநாட்டு நாயின் படம் வேண்டாம். மெலிந்த முகமும் கறுப்பு மயிருமாக ஒழுங்கையில் படுத்திருக்கும் எங்கள் நாயையே ஓவியரிடம் காட்டி வரையச் சொல்லுங்கள்.